கொல்லைச் சாவி

அன்று காலை கொல்லையில் நின்றவர்கள்: மீன்கடைக்காரன், அவன் பெண்டாட்டி தையல்காரி, அவனுடைய அக்கா, தையல்காரியின் சித்தி. மதிலுக்கு மேல் தலை மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓசியில் கிடைக்கும் எந்தச் சண்டையையும் அவன் விட்டதில்லை. கத்திரிச் செடிகளைச் சேர்க்க முடியாது. அவை செத்திருந்தன.

அக்கா தலையைக் குனிந்தபடி நின்றாள். பார்க்கிறவர்களுக்குத் துக்கம் போலத்தான் இருந்திருக்கும். செடிகளைக் கொன்றது அவள்தான்.

போன வெயில் காலத்தில் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் புருஷன் வாசல் பூட்டை மாற்றியிருந்தான். சாவியை விட்டுத் திருப்பிப் பார்த்தாள், அசையவில்லை. உள்ளே ஒரு பெண் இருமும் சத்தம் கேட்டது. அக்கா கதவைத் தட்டவில்லை. காய்கறிப் பையோடு அப்படியே பஸ் ஏறித் தம்பி வீட்டுக்கு வந்தாள். வாங்கிய காயை நறுக்கிச் சமைத்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

தையல்காரி தைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கொல்லையில ஒரு ரூம் இருக்கு அண்ணி. ஆனா சும்மா உட்கார வெச்சு சோறு போட இது சத்திரம் இல்ல. கொல்லையைச் சுத்தம் பண்ணித் தோட்டம் போடுங்க. அது காய்ச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் ரூம் உங்களுது."

"காய்க்கலேன்னா?"

"காய்க்க வையுங்க."

தம்பி மீன் பெட்டி மேல் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அவன் அடுத்த விரலுக்குப் போனான்.

அறைக்கு ஒரு சாவி, கொல்லையிலிருந்து பின் சந்துக்குப் போகும் கதவுக்கு ஒரு சாவி. இரண்டையும் ஒரே வளையத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். தூங்கும்போதும் கை அந்த முடிச்சிலேயே இருந்தது.

கொல்லை என்று பேர்தான். வீடு கட்டியபோது மிஞ்சிய குப்பை முழுவதும் அங்கே கிடந்தது. செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், நனைந்து கல்லாகிப் போன சிமெண்ட் மூட்டை, கழிப்பறைப் பீங்கானின் சில்லுகள். அக்கா கடப்பாரையைப் பிடித்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய கட்டில் சட்டத்தில் கம்பி வலையைக் கட்டி மதிலில் சாய்த்து, மண்ணை வாரி வாரி எறிந்து சலித்தாள். கல் இந்தப் பக்கம் உருளும், மண் அந்தப் பக்கம் விழும். கைக் கொப்புளம் உடைந்தால் துணி சுற்றிக்கொண்டாள்.

மண்ணில் சத்து இல்லை. தம்பி கடையிலிருந்து செதிலும் குடலும் தலையுமாகக் கழிவு வரும். விற்காத மீனுக்குக் கல்லுப்புத் தூவி வைப்பது அவன் வழக்கம். அதனால் கழிவிலும் உப்பு ஊறியிருக்கும். அக்கா அதை மூன்று தண்ணீரில் அலசுவாள். அலசிய தண்ணீரைப் பாத்திப் பக்கமே கொண்டுபோகாமல் சாக்கடையில் ஊற்றுவாள். பிறகு முழங்கால் ஆழத்தில் புதைத்து, பூனை தோண்டாமல் இருக்க டைல்ஸ் துண்டுகளை மேலே அடுக்குவாள். உப்புப் பட்ட மண் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் மற்ற எவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மழை வந்தபோது தண்ணீர் வடியாமல் குளமாக நின்றது. நாற்றெல்லாம் அழுகியது. தையல்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, நாத்து நட்டீங்களா, மீன் வளர்க்கிறீங்களா? ஏற்கெனவே வீட்டுல மீன் நாத்தம் தாங்கல."

அக்கா மண்வெட்டியை எடுத்தாள். கணுக்கால் தண்ணீரில் நின்று சாக்கடை வரைக்கும் வாய்க்கால் வெட்டினாள். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். பாத்திகளை மேடாக்கி மறுபடி விதைத்தாள். குழிக்கு இரண்டு மூன்றாக முளைத்து வந்ததில், தேறாதது என்று பட்டதைப் பிடுங்கி எறிந்தாள். அதில் அவள் கை ஒரு நாளும் தயங்கியதில்லை.

பனிக் காலத்தில் காய்த்தது. கத்திரி, அவரை, புடலை, மிளகாய். தையல்காரி அளவு கொடுக்க வரும் பெண்களுக்கு ஒரு கை காயைப் பையில் போட்டுக் கொடுத்து, "எங்க தோட்டத்துக் காய்" என்று சொல்லிக்கொண்டாள். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டு களை எடுத்தாள். அந்த நாட்களில்தான் சாவி முடிச்சில் கை வைக்காமல் அவளால் தூங்க முடிந்தது.

பனி விலகும் நேரத்தில் சித்தி வந்தாள். மகன் வேறு ஊருக்குக் குடி போய்விட்டான்.

"பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாத்தையும் ஞாபகமா வண்டியில ஏத்தினான். என்னை ஏத்த மறந்துட்டான், பாவம்" என்று சித்தியே சொல்லிச் சிரித்தாள்.

அறை ஒன்றுதான். அக்கா கட்டிலில், சித்தி கீழே பாயில். சித்தி குறட்டை விடுவாள், தூக்கத்தில் மகனைத் திட்டுவாள். ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். சமையலறைக் கதவுக்கு வெளியே ஒரு பக்கெட் இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், காய் அலசிய தண்ணீர் எல்லாம் அதில் சேரும். அதைத் தூக்கிப்போய்க் கத்திரிப் பாத்திக்கு ஊற்றுவதைச் சித்தி தன் வேலையாக்கிக்கொண்டாள். கோணலாக வளர்ந்த புடலங்காய்களின் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டாள். அவை நேராக நீண்டன. கத்திரி கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

"சித்தி கை பட்டாக் காம்பு கூடத் துளிர்க்கும்" என்றாள் தையல்காரி.

"கையில என்ன இருக்கு? சம்மந்தி எலும்பை முறிச்சுப் போட்ட மண்ணு அது" என்றாள் சித்தி, அக்காவைக் காட்டி. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஜன்னலுக்குக் கீழே அவரை பறித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் பேச்சு கேட்டது.

"ஒரு ரூமுக்கு ரெண்டு பேர் தாங்காதுங்க. வெயில் முத்தறதுக்குள்ள ஒருத்தர் வேற இடம் பாக்கட்டும்."

"யாரு?" என்றான் தம்பி.

"தோட்டத்துக்கு எந்தக் கை ராசியோ அவங்க இருக்கட்டும். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

அக்கா காயைப் பறிக்காமல் காம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"உன் இஷ்டம்" என்றான் அவன்.

மறுநாள் சித்தி குளிக்கப் போன நேரத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த உப்பு மூட்டையிலிருந்து இரண்டு கை கல்லுப்பை அள்ளி அக்கா பக்கெட்டில் போட்டாள். அதற்கு அடுத்த நாளும் போட்டாள். ஒரு பாத்தி போகட்டும், மற்ற மூன்றும் இருக்கின்றன என்று நினைத்தாள். தான் சலித்த மண் என்ற எண்ணம் ஒருமுறை வந்தது. அந்த எண்ணத்தையும் பிடுங்கி எறிந்தாள்.

வெயில் ஏறியது. கத்திரி இலைகளின் ஓரம் கருகியது, பிறகு நடு இலை சுருண்டது, பிஞ்சு உதிர்ந்தது. அக்கா தினமும் புதுசாகப் பார்ப்பதுபோல் பார்த்து உச்சுக் கொட்டினாள். அவரை இலையிலும் ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலத்தில் அதற்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.

அப்படித்தான் அந்தக் காலை வந்தது.

தம்பி குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினான்.

"உப்பு. மீன் பெட்டி கழுவின தண்ணியையா ஊத்தினீங்க சித்தி?"

சித்தி அவனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"பக்கெட்டுல இருந்ததைத்தான் ஊத்தினேன்."

"நல்லதுதானே அண்ணே" என்றான் மதில் மேலிருந்து எலக்ட்ரீஷியன். "சமைக்கும்போது உப்புப் போடற வேலை மிச்சம்!"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரி திரும்பிப் பார்த்ததும் இருமி மறைத்தான்.

"கை ராசின்னு நானே வாயால சொன்னேன்" என்றாள் தையல்காரி. அவள் குரலில் கோபம் இல்லை. பிசிறை வெட்டும்போது இருக்கும் அதே நிதானம். "சித்தி, என்கிட்ட துணி தைக்கிற ஒரு அம்மா வீட்டுக்கு ஆள் கேக்கறாங்க. படுத்த படுக்கையா ஒரு பெரியவர். தங்க இடமும் சாப்பாடும் உண்டு."

"என்ன வேலை?"

"தண்ணி ஊத்தற வேலை இல்ல. துடைக்கிற வேலை. மத்தியானமே கிளம்பிடுங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்." பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். "அண்ணி, மிச்ச மூணு பாத்தியையாவது காப்பாத்துங்க. அன்னைக்குப் பேசினதுதான் பேச்சு."

அக்கா தலையாட்டினாள்.

முன்வாசலில் துணி கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்ததால் சித்தியைச் சந்து வழியாக அனுப்பச் சொன்னாள் தையல்காரி. அவள் எழுந்து வரவில்லை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தியின் பையை அக்காதான் தூக்கி வந்தாள். கனமே இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

சித்தி நிலைப்படியில் நின்றாள்.

"சம்மந்தி, கல்லுப்பு சீக்கிரம் கரையாது. அடுத்த தடவை தூளுப்பு போடுங்க. பக்கெட்டைத் தூக்கினா அடியில கல்லு கடகடன்னு உருளுது."

பையை நீட்டிய கை அப்படியே நின்றது.

"எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே. விரலை விட்டு நாக்குல வெச்சுப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அங்க சொல்லல?"

"யார்கிட்ட? அவன் உங்க தம்பி. இவளுக்கு ஒரு ஆளைக் குறைக்கணும், அது நீங்களா இருந்தா என்ன, நானா இருந்தா என்ன?" சித்தி பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "எப்படியும் போகப்போறேன்னு தெரிஞ்சுபோச்சு. கத்திரிக்கு நீங்க போட்டதே போதும்னு விட்டுட்டேன். அவரைக்கும் புடலைக்கும் மிளகாய்க்கும் நானே மூட்டையில இருந்து அள்ளிக் கரைச்சு ஊத்தினேன். நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி, தினமும்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். வெயிலில் அவரைப் பந்தல் பச்சையாகத்தான் இருந்தது. ஓரம் மட்டும் தீய்ந்திருந்தது. சாயங்காலம் தோறும் அவள் விட்ட தண்ணீர் அந்த உப்பை நன்றாக வேருக்கு இறக்கியிருக்கும்.

"நான் சலிச்ச மண்ணு அது" என்றாள்.

"தெரியும். அதனாலதான்." சித்தி சந்தில் இறங்கினாள். "மழை வந்தாக் கழுவிடும். மழைக்கு இன்னும் நாள் கிடக்கு. நான் எங்கேயாவது யாரையாவது துடைச்சுட்டுக் கிடப்பேன். நீங்க இங்கதானே இருந்தாகணும்!"

சந்து முனை வரைக்கும் சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே மெஷின் நின்றது.

"அண்ணி! ஒரு கஸ்டமருக்குக் குடுக்கணும், அவரைக்காய் நல்லதா ஒரு கை பறிச்சுட்டு வாங்க!"

அக்கா கதவைச் சாத்தினாள். சாவியை விட்டுத் திருப்பினாள். இந்தப் பூட்டில் அது சரியாகத் திரும்பியது.