பேச்சை மறைக்கப் போட்ட நாதஸ்வரம்

மணிகண்டராஜ் வீட்டில் நாதஸ்வரம் ஒலிக்கிறது என்றால் யாருக்கோ சங்கீத ஆசை வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே ரகசியம் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

சிவகாசியில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். அப்பா கட்டிய பெரிய வீட்டை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது கூடத்தை இரண்டாக அறுத்து நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். எவன் கட்டுவது என்று இழுபறியாகி, கடைசியில் ஒற்றைச் செங்கல் கனத்தோடு நின்றுபோன சுவர். இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கத்துக்காரர்கள் 'நூறு' என்று சொல்லலாம். சொல்ல மாட்டார்கள். பேச்சுவார்த்தை அறுந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கம் அண்ணன் மணிகண்டராஜ், அந்தப் பக்கம் தம்பி ராஜபாண்டியன். இருவருக்கும் வெம்பக்கோட்டை போகிற வழியில் தனித்தனிப் பட்டாசுக் கம்பெனி. சீசனுக்கு ஒரு புது ரகமாவது இறக்காவிட்டால் வியாபாரிகள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ரகத்தின் பெயரும் லேபிள் படமும் முன்கூட்டியே கசிந்தாலோ, அதே படம் இன்னொருத்தன் பெட்டியில் உட்கார்ந்து சிரிக்கும்.

அதனால் பாகம் பிரித்த கையோடு மணிகண்டராஜ் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி, சுவரைப் பார்த்து நிறுத்தினார். கடைக்காரர் சோதித்துக் காட்டப் போட்ட பென் டிரைவையும் அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்தார். அதில் இருந்தது ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரி, ஒரு மணி பத்து நிமிஷம். வாசித்தவர் பெயர்கூட அதில் இல்லை. "தவில் இருக்குல்ல, போதும்" என்றார்.

அன்றிலிருந்து நாதஸ்வரம் கிளம்பினால் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. சமையல்காரம்மா அடுப்படிக் கதவைச் சாத்துவாள். வந்திருக்கும் ஏஜெண்ட் நாற்காலியை முன்னால் இழுத்து, அவர் தலையும் மணிகண்டராஜ் தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிவார். சாதாரண லோடு விஷயம் என்றால் சத்தம் பன்னிரண்டில் இருக்கும். லேபிள் அச்சடிக்கும் அய்யாதுரை வந்துவிட்டாலோ முப்பதுக்குப் போகும். ஷோகேஸ் கண்ணாடி அதிரும். பேச்சு முடிந்ததும் மணிகண்டராஜ் ரிமோட்டை எடுத்து ஒரு அமுக்கு. வாசித்துக்கொண்டிருக்கும் ஆள் மூச்சை இழுத்த இடத்திலேயே செத்துப்போவார்.

இதில் வயிறெரிந்த ஒரே ஆள் மணிகண்டராஜின் மனைவி கற்பகவல்லி.

அவளுக்கு அந்த நாதஸ்வரம் பிடித்துப்போயிருந்தது. பிடித்துப்போனது என்பது சின்னச் சொல். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வரும்போது கொஞ்சம், முறுக்குத் தட்டு வைக்கும்போது கொஞ்சம் என்று பதினோரு வருஷமாகத் துண்டு துண்டாகக் கேட்டு, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரும் என்று அவளுக்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றுதான். அது எப்படி முடியும் என்று தெரியாது. ஒரு மணி பத்து நிமிஷம் ரகசியம் பேசுமளவுக்கு எந்த வியாபாரத்திலும் ரகசியம் இல்லை. நாற்பது நிமிஷத்தைத் தாண்டிய பேச்சே ஒன்றிரண்டுதான்.

"சும்மா ஒருநா முழுசாப் போட்டுக் கேக்கட்டுமாங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? பேசாதப்பப் போட்டா, அங்கன இருக்கவன் நாம என்னமோ பேசுறோம்னு நெனைப்பான். ஊரெல்லாம் அதையே பேசுவான். இதெல்லாம் கத்தி மாதிரி, காரியத்துக்குத்தான் எடுக்கணும்."

மதுரையில் இருக்கும் மகள் ஆர்த்தி காதில் செருகிக் கேட்க ஒரு ஜோடி இயர்போன் வாங்கி அனுப்பினாள். செருகிப் பார்த்தாள் கற்பகவல்லி. மண்டைக்குள் யாரோ குடிவந்து ஊதுவது போலிருந்தது. நாதஸ்வரம் என்றால் அது கூடம் நிறைய ஒலிக்க வேண்டாமா? கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த முடிவைக் கேட்காமலே கட்டை வெந்துபோகுமோ என்று அவளுக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம். மணிகண்டராஜ் வெம்பக்கோட்டைக்குப் போயிருந்தார், சமையல்காரம்மாவும் இல்லை. கற்பகவல்லி வாசல் கதவைத் தாழ்போட்டாள், ரிமோட்டை எடுத்தாள், சத்தத்தை இருபத்தைந்தில் வைத்தாள், சோபாவில் சாய்ந்தாள். கையில் வேலை எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று முதல் பத்து நிமிஷம் அவளுக்குத் தெரியவில்லை. அவரைக்காய் ஆயலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. பிறகு கை தானாக மடியில் அடங்கியது, அவள் அழுதுவிட்டாள். நன்றாக, மூக்கைச் சிந்தி அழுதாள்.

ஒரு மணி இரண்டு நிமிஷம் ஆகியிருந்தபோது போன் அடித்தது. மணிகண்டராஜ்தான். தெருவோடு போன அய்யாதுரை சத்தத்தைக் கேட்டுவிட்டு அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

"வீட்ல யாரு வந்திருக்கா? நான் இல்லாம எவன்கிட்டப் பேசுற?"

"யாருமில்லங்க. நான் மட்டுந்தான்."

"அப்ப அமத்து! மொதல்ல அமத்து!"

அமர்த்தினாள். இன்னும் எட்டு நிமிஷம் மிச்சம். வந்து என்ன கத்துக் கத்தப் போகிறாரோ என்று காத்திருந்தாள். மணிகண்டராஜ் வந்தார், கத்தவும் செய்தார். நான்கு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை, காரம் இல்லை என்று குறை சொன்னார்.

ஐந்தாம் நாள் அய்யாதுரை ஓடி வந்தார். அவர் அண்ணனுக்கும் தம்பிக்கும் லேபிள் அச்சடிப்பவர். ஒருவர் ரகசியத்தை மற்றவரிடம் சொல்வதில்லை என்று இருவரிடமும் சத்தியம் செய்தவர். நாதஸ்வரம் முப்பதுக்குப் போனதும் அந்தச் சத்தியத்தைக் காற்றில் விட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி மயில் லேபிள வேண்டாம்னுட்டாரு. ப்ளேட்டு போட்டாச்சுங்கேன், அழிச்சிருங்காரு. ஒரு மணி நேரம் வாத்தியம் வச்சிருக்காக, பெரிய கையா வந்து மயிலத்தான் பேசி முடிச்சிருக்காக, நான் போயி மோத முடியாதுங்காரு."

மணிகண்டராஜுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் அவர் மனதிலும் இந்த சீசனுக்கு மயில்தான் இருந்தது. தம்பியும் அதைத்தான் இறக்கப்போகிறான் என்று கேள்விப்பட்டு, கைவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இப்போது மயில் தானாகப் பறந்து வந்து தோளில் உட்கார்ந்துவிட்டது.

அய்யாதுரை போனதும் மனைவியைக் கூப்பிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒன்ன என்னமோன்னு நெனச்சேன். எம்புட்டுப் பெரிய மூளை ஒனக்கு! இனிமே தெனமும் ஆறு மணிக்குப் போட்டுரு. ஒரு அரை மணி நேரம். என்ன ஏதுன்னு தெரியாம அவன் தலையப் பிச்சுக்கட்டும்."

கற்பகவல்லிக்குக் காதில் தேன் பாய்ந்தது. "அதுக்கென்னங்க, முழுசாவே போடுறேன்."

"போடு. ஆனா சும்மா ஒக்காந்திராத. வாத்தியம் மட்டும் வந்தா சந்தேகப்படுவான். ஊடால மொணமொணன்னு என்னமாச்சும் பேசிக்கிட்டே இரு. அரை மணி ஆனதும் அமத்திரு, ரொம்ப ஓட்டுனா மவுசு போயிரும்."

ஆக, கேட்ட வரம் கிடைத்தது. தினமும் ஆறு மணிக்கு நாதஸ்வரம் கிளம்பியது. கற்பகவல்லி சுவரோரம் நின்று, "பதினஞ்சு பெட்டி... சரி... அது ஆகாது... ஆடிப்பெருக்குக்குள்ள வேணும்..." என்று காற்றோடு பேரம் பேசினாள். பேச விஷயம் தீர்ந்தபோது பலசரக்குப் பட்டியலைப் படித்தாள். சில நாள் மணிகண்டராஜும் வந்து கூடச் சேர்ந்துகொண்டு ஏஜெண்ட் குரலில் பதில் சொன்னார். முன்பாவது காபி கொடுக்கிற சாக்கில் வாயை மூடிக்கொண்டு நாலு நிமிஷம் கேட்பாள். இப்போது அதுவும் போயிற்று.

ஆவணி முகூர்த்தத்தில் காரியாபட்டியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் கற்பகவல்லிக்குப் பக்கத்துக் குழாயில் வந்து நின்றாள் சண்முகக்கனி. ராஜபாண்டியனின் மனைவி. சுவர் எழும்பிய நாள் முதல் இருவரும் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டதில்லை. சண்முகக்கனி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்கிராதீக. ஒண்ணு கேக்கணும். இப்பக் கொஞ்ச நாளா வாத்தியத்துக்கு நடுவுல ஒரு பொம்பள தொணதொணன்னு பேசுறாளே, யாருக்கா அவ?"

கற்பகவல்லி கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

"பதினோரு வருசமா இவுக என்னையச் செவுத்தோரம் சேர் போட்டு ஒக்கார வச்சிருக்காக, நீங்க என்ன பேசுறீகன்னு கேட்டுச் சொல்லணும்னு. நானும் வீட்ல டிவிய நிப்பாட்டி, எல்லாரையும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லிட்டுக் கேப்பேன். எனக்கு என்னத்துக்கு ஒங்க யாவாரம்? வாத்தியத்தத்தான் கேப்பேன். எம்புட்டு நேரம் ஓடுச்சுன்னு மட்டும் அவுககிட்டச் சொல்லிருவேன். மேல மேல போயி, அங்கனயே நின்னுக்கிட்டு, எறங்கவா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி ஒரு எடம் வரும்லக்கா... செவ்வாக்கிழம அந்த எடத்துல அவ துவரம்பருப்பு ரெண்டு கிலோங்கிறா! எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செவுத்த ஒடச்சிட்டு வந்து அவ வாயில ரெண்டு போட்டிருப்பேன்."

கற்பகவல்லிக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது பொறாமைதான். வேவு பார்க்க உட்கார்த்தி வைக்கப்பட்டவள் சேர் போட்டு, ஊரையே அடக்கிவிட்டுக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரியான இவளோ முறுக்குத் தட்டோடு நின்றிருக்கிறாள். பிறகுதான் வெட்கம் வந்து முகம் சுட்டது.

"அது நாந்தான் கனி."

சண்முகக்கனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது போகட்டும்க்கா. அது எப்படித்தான் முடியும்? அதை மட்டும் சொல்லுங்க. எப்பவும் பாதியிலயே அமத்திருறீக."

"எனக்கும் தெரியாது" என்றாள் கற்பகவல்லி. "நாளைக்கு ஆறு மணிக்கு ஒக்காரு."

மறுநாள் ஆறு மணிக்கு மணிகண்டராஜ் ஏஜெண்ட் குரலைச் சரிபண்ணிக்கொண்டு வந்தபோது, கற்பகவல்லி சோபாவில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பேசலையா?"

"அவுகளுக்கு நம்ம பேச்சு பழகிப்போச்சு. இனிமே பேசாம இருந்தாத்தான் பயப்படுவாக. வாத்தியத்துக்குள்ளகூடப் பேச முடியாத ரகசியம்னு நெனைப்பாக. முழுசா ஓடட்டும்."

மணிகண்டராஜ் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கு மனைவி மேல் மரியாதை கூடியது. சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கால் ஆட்டினார். நகத்தைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். வாத்தியம் மேலே மேலே போய் ஓரிடத்தில் நின்றபோது, அவர் தலையும் லேசாக அசைந்ததைக் கற்பகவல்லி பார்த்தாள்.

கடிகாரம் ஏழைத் தாண்டி நாலு நிமிஷம். அதுவரை அவள் கேட்டிராத இடம் வந்தது. தவில் ஒதுங்கிக்கொள்ள, நாதஸ்வரம் மட்டும் தணிந்து, தனியாக ஒலித்தது.

"நல்லாத்தான் வாசிக்கான்" என்றார் மணிகண்டராஜ், குரலைத் தாழ்த்தாமலே. "புதுசா வாங்குனியா?"

டொம் டொம் என்று சுவரில் யாரோ ஓங்கிக் குத்தினார்கள்.

மணிகண்டராஜ் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, பயந்துட்டான்! பயந்துட்டா—"

கற்பகவல்லி எழுந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். கட்டின புருஷன் என்று பார்க்கவில்லை, வலிக்குமே என்றும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பீக்கர் பக்கம் தலையைத் திருப்பி, அது முடிகிறவரைக்கும் கையை எடுக்காமல் நின்றாள்.