நாற்பதாம் உறை

1988 டிசம்பர் முதல் எத்திராஜ் ஓர் உறை. அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் அவர் சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையோரம் இருந்த மிஷன் கல்லூரியின் தாவரக் காப்பகத்தில் அட்டெண்டராக இருந்தார். இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான்.

காப்பகத்தைத் தொடங்கியவர் துவால் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1870களில் மலை மலையாக ஏறி, பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக் கிடந்த கல்பாசி வகைகளைச் சுரண்டி வந்து, காயவைத்து, காகித உறைகளில் போட்டு, அவற்றில் நாற்பதுக்குப் புதிதாக லத்தீன் பெயர் சூட்டினார். பெயர் சூட்டும்போது கையில் எந்தத் துண்டு இருந்ததோ அதுதான் அந்தப் பெயருக்கு மூல மாதிரி. துண்டு இருக்கும்வரை பெயர் செல்லும், துண்டு போனால் பெயரும் போச்சு. நூறு வருஷம் யாரும் கேட்கவில்லை. எண்பத்தெட்டில் கல்கத்தாவின் தாவர ஆய்வுத் துறையிலிருந்து கடிதம் வந்தது: நாற்பதையும் அளந்து, வரைந்து, ஆண்டு முடிவதற்குள் பரிசோதகரிடம் காட்ட வேண்டும். வேலை ஜெயகுமாரியின் தலையில் விழுந்தது. ஆறு வருடமாக அவர் தற்காலிக விரிவுரையாளர். ஜூனில் சேர்ந்து ஏப்ரலில் நின்றுவிடுவார், மறுபடி ஜூனில் சேர்வார். நாற்பதும் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம், ஒன்று குறைந்தாலும் இந்த ஏப்ரலோடு நிரந்தரமாக நின்றுகொள்ளலாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஜெயகுமாரி திருநின்றவூரிலிருந்து ஆவடிவரை ரயிலில் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்ததில், நவம்பர் முடிவதற்குள் லேடீஸ் பெட்டியின் பூக்காரிகளுக்கு முப்பத்திரண்டு பெயர்கள் மனப்பாடம். மீதி எட்டு கொஞ்சம் நீளம்.

டிசம்பர் எட்டு மாதா திருநாள். கல்லூரியில் இருநூறு பேருக்குப் பிரியாணி. சமையல் லூர்தம்மாள். வெங்காயம் சிவந்த நேரத்தில்தான் பொட்டலத்தில் கல்பாசி இல்லை என்பது தெரிந்தது.

"யோவ் எத்திராஜு, கல்பாசி இல்லாம இன்னாத்த பிரியாணி? பூந்தமல்லி போயி வரதுக்குள்ள அண்டா அடிபிடிச்சிடும்யா!"

"நீ இரு அக்கா, நம்மகிட்டயே நாப்பது தினுசு கீது" என்று சொல்லிவிட்டு எத்திராஜ் காப்பகத்துக்குப் போனார். முப்பத்தொன்பதை முகர்ந்து பார்த்துவிட்டு நாற்பதாவதைத் தேர்ந்தெடுத்தார். ஆளுக்குப் பொறுப்பு உண்டு.

மறுநாள் காலை ஜெயகுமாரி நாற்பதாம் உறையைத் தலைகீழாக உதறினார். எதுவும் விழவில்லை.

"எத்திராஜண்ணே, இது காலியா இருக்கு."

"ஆமா மேடம். பிரியாணில போட்டேன்."

"நூத்திப் பத்து வருஷத்து மாதிரிண்ணே!"

"அதான் வாசனை தூக்கிச்சி. நீங்களே ரெண்டாவது வாட்டி வாங்கினீங்களே மேடம்."

ஜெயகுமாரி குப்பைத்தொட்டியில் இறங்கி இருநூறு இலைகளையும் விரித்துப் பார்த்தார். பிரியாணியில் கல்பாசி கிடைத்தால் ஊரில் எல்லோரும் அதை இலையோரம் ஒதுக்கிவிடுவார்கள். பட்டை இருந்தது, பிரிஞ்சி இலை இருந்தது, கல்பாசி மட்டும் இல்லை. ஒரே ஓர் இலை கழுவியதுபோல் இருந்தது. அது எத்திராஜுடையது. இலையில் எதையும் ஒதுக்காத வம்சம் அவருடையது.

மூன்றாம் நாள் ஏற்காட்டில் அந்த வகைக் கல்பாசி முழுவதும் மரங்களிலிருந்து உதிர்ந்தது. பெயரே இல்லாதபோது எந்த முகத்தோடு மரத்தைப் பிடித்துத் தொங்குவது என்று அதற்குக் கூச்சம். ஐந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அத்தனையும் தரையிலிருந்து எழும்பி, அவரவர் கிளையில் போய் ஒட்டிக்கொண்டன. அதே ஐந்து மணிக்குத்தான் சென்னீர்குப்பத்தில் எத்திராஜ் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனார். இடது தோளில் சாம்பல் நிறத்தில், ஓரம் சுருண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் மனைவி ராணி தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தார். நார்தான் தேய்ந்தது. ஜெயகுமாரி அளவுகோலோடு வந்தார். பாதிரியார் எழுதிவைத்த அதே நீளம், அதே அகலம், வலது மூலையில் அவருடைய கத்தி பட்ட அதே வெட்டு.

இருபத்தொன்பதாம் தேதி பரிசோதகர் ரகுநாதன் வந்தார். முப்பத்தொன்பது உறைகளை மேசையில் பார்த்தார், நாற்பதாவதை மேசைமேல் ஏறி உட்காரச் சொன்னார். பூதக்கண்ணாடியைத் தோளில் வைத்தார். சோதனைக்கான காரக் கரைசலை அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். முறைப்படி மஞ்சளாகிப் பிறகு சிவந்தது.

"கூசுது சார்" என்று உறை நெளிந்தது.

"எல்லாம் பொருந்தறது. ஆனா விதிப்படி மூல மாதிரி உயிரோட இருக்கக் கூடாது. இவர் இருக்காரே?"

"அதுக்கு இன்னா சார் பண்ணப் போறீங்கோ?" எத்திராஜ் சட்டையைத் தேடினார்.

ஜெயகுமாரிக்கு ஆறு ஏப்ரல்களும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "சார், மாதிரி செத்துத்தான் இருக்கு. பதினாறு நாளா தினமும் அளக்கறேன், ஒரு நூல்கூட வளரல. உயிரோட இருக்கறது உறைதான். உறை உயிரோட இருக்கக் கூடாதுன்னு விதியில எங்க சார் இருக்கு?"

ரகுநாதன் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இரண்டு டீ குடித்தார். கடைசிப் பக்கம்வரை அப்படி ஒரு விதி இல்லை. 'எண் 40, நல்ல நிலை. உறை: எத்திராஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

ஏப்ரல் வந்தது. ஜெயகுமாரி நிற்கவில்லை. எத்திராஜின் சட்டையில் மூல மாதிரிக்கான சிவப்புச் சீட்டு குத்தினார்கள், பாக்கெட்டில் அந்துருண்டை போட்டார்கள், அவர் தெருவில் அதன்பிறகு ஒரு கரப்பானும் தென்படவில்லை. உறை நனையக் கூடாது என்பதால் மழைக்காலத்தில் முதல்வரே குடை பிடித்தார். 93இல் ஜெனீவாவிலிருந்து நாற்பதாம் உறையை இரவல் கேட்டார்கள். பூந்தமல்லி தபால் நிலையத்தில் எத்திராஜைத் தராசில் நிறுத்தார்கள், அறுபத்தொரு கிலோ. 'மடிக்காதீர்கள்' என்று முதுகில் முத்திரை குத்தி, ராணியின் எலுமிச்சை ஊறுகாயைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்து ஸ்வெட்டரோடு திரும்பி வந்தார். சேதாரம் இல்லை, எடை மட்டும் மூன்று கிலோ கூடுதல். 97இல் அட்டெண்டர் எத்திராஜ் ஓய்வு பெற்றார், மாலை போட்டார்கள். உறைக்கு ஓய்வு கிடையாது என்பதால் மறுநாளும் அதே பஸ்ஸில் வந்தார்.

ஆண்டுதோறும் மாதா திருநாளன்று ஜெயகுமாரி அவரை அளந்து கையெழுத்திடுவார், பிறகு இருவரும் பந்தியில் உட்காருவார்கள். 98ஆம் ஆண்டுப் பந்தியில் எத்திராஜ் ஒரு துண்டுக் கல்பாசியை எடுத்து, பார்த்து, இலையோரம் பத்திரமாக ஒதுக்கிவைத்தார்.

"என்னண்ணே, நீங்க எதையும் ஒதுக்க மாட்டீங்களே?"

"யாரு பேரு இதுல மாட்டிக்கினு கீதோ, இன்னா தெரியும் மேடம்? எனக்கு இன்னொரு தோள்தான் பாக்கி."

ஜெயகுமாரி தன் இலையைப் பார்த்தார். அதிலும் ஒன்று கிடந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டாவது வாட்டி வாங்கிக்கொண்டார்.