ஒட்டகப் பால் புளிக்கும் தூரம்

அறுபத்தொரு மணி நேரம். கஸகஸ்தானின் தென்மேற்கு மூலையிலிருக்கும் மங்கிஸ்தாவிலிருந்து வடக்குக் கோடிப் பெத்ரோபாவ்ல் வரை, நடுவில் ரயில் மாறி, அந்த ஐந்து லிட்டர் கேனைத் தூரார் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே சுபாத், புளிக்கவைத்த ஒட்டகப் பால்; வழியெல்லாம் புளித்துக்கொண்டேதான் வரும். மூடியை இறுக்கினால் வெடித்துவிடும்.

"ரெண்டு மணிக்கொரு தடவை எந்திரிச்சுத் தொறந்து விட்டேன், அக்கா. பக்கத்து சீட்டு அம்மா, கைக்கொழந்தைக்குக்கூட நான் இப்படி முழிச்சதில்லன்னுச்சு."

அக்கா ஜிபெக்குக்கு நாலாவது மாதம். ரொட்டி இறங்கவில்லை, இறைச்சி வாடை ஆகவில்லை. சுபாத் ஒன்றுக்குத்தான் நாக்கு ஏங்கியது. போன வாரம் கணவன் காஸிமிர் சந்தை சந்தையாக அலைந்து குதிரைப் பால் வாங்கி வந்தான்.

"இதுவும் ஒங்க கஸக்குங்க குடிக்கிறதுதானே?"

"இந்தப் பக்கத்துக் கஸக்குங்க. நாங்க ஒட்டகக்காரங்க."

"ஒரே நாடு, ஒரே பாஷை. அதுக்குள்ள இத்தனை வேலியா?" என்று சிரித்தபடி, தன் பங்குக்கு, ரொட்டியைப் புளிக்கவைத்த க்வாஸை ஊற்றிக்கொண்டான்.

அவன் போலந்துக்காரர் ஒருவரின் பேரன். அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன அன்று அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "என் ஒட்டகத்துப் பால் ஒரு சொட்டுகூட அந்த வாசப்படி தாண்டாது." ஆறு வருடமாகிறது. இன்றுவரை அவர் போனுக்கு வந்ததில்லை. மசக்கையை அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

தூரார் ஊற்றிக் கொடுத்த முதல் கிண்ணம் சுபாத்தை மூச்சுவிடாமல் குடித்தாள். கெட்டியான நுரை, கரிப்பும் புளிப்பும், அடியில் பாலைவனச் செடியின் கசப்பும். இரண்டாவது கிண்ணத்தில் நாக்கில் ஒரு முடி தட்டியது. ஒட்டக முடி.

"அம்மா ரெண்டு தடவை துணியில வடிகட்டாம எடுத்துவைக்க மாட்டாங்களே?"

தூரார் தட்டைப் பார்த்தான். "அம்மாவுக்குக் கை உடைஞ்சு ஒரு மாசமாச்சு. வழுக்கி விழுந்துட்டாங்க. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"அப்ப யாரு கறந்தது? நம்ம ஒட்டகம் அம்மாவைத் தவிர யாரையும் கிட்ட விடாதே."

"கறந்தாச்சு. குடி."

"நீயா?"

அவர்கள் ஊரில் ஆண்பிள்ளை ஒட்டகத்து மடியில் கை வைத்தால் கிணற்றடி முழுக்கச் சிரிக்கும். தூரார் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். நீலம் பாரித்திருந்தது. "கிட்டப் போனதுக்கே இந்த ஒதை."

"பக்கத்து வீட்டு அத்தை?"

"அவங்க மூஞ்சியில துப்பி அனுப்பிடுச்சு."

காஸிமிர் விழுந்து விழுந்து சிரித்தான். ஜிபெக் சிரிக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியாமத்தானே கொண்டு வந்த? தெரிஞ்சா ஒனக்கும் வாசல் கிடையாது, பாத்துக்கோ."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

"யாரு?"

அவன் கேன் மூடியைத் திருகினான், மறுபடி தளர்த்தினான்.

"அப்பாதான் கறந்தார், அக்கா. அம்மாவோட முக்காட்டைக் கட்டிக்கிட்டு, அம்மாவோட அங்கியைப் போட்டுக்கிட்டு. அப்பத்தான் அது நின்னுச்சு."