செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

நாவலூரில் ஒரு ஐ.டி. கட்டிடத்தின் பராமரிப்புப் பிரிவில் பரணிதரனுக்கு வேலை. துப்புரவு ஆட்களுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் லீவு மெயில் அடித்துத் தருவது அந்த வேலையில் சேர்த்தி இல்லை. ஆனால் மெயில் இங்கிலீஷில்தான் போகவேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஆகவே ஏழு வருஷமாக அது இவர் தலையில் விடிந்தது. செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நாற்காலியில் சாயும்போதே மனிதருக்குப் பாதி உயிர் போயிருக்கும். அதற்குமேல் யோசிக்க யாரால் முடியும்?

யோசிக்கத் தேவையும் இல்லை. இங்கிலீஷ் வார்த்தைகள் ஜோடி ஜோடியாகத்தான் திரியும் என்று பள்ளிக்கூடத்திலேயே உருப்போட்டவர் அவர். மழை என்றால் ‘ஹெவி ரெய்ன்’. வருத்தம் என்றால் ‘டீப் ரிக்ரெட்’. லீவு என்றால் ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. யார் வந்து நின்றாலும் பழைய மெயிலை எடுத்துப் பேரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிடுவார். மச்சினி கல்யாணத்தில் பந்தி பரிமாறப் போனவனுக்கும் ஃபீவர்தான்.

ஒரு நாள் ஹெச்.ஆர். ஜெஸ்ஸியிடமிருந்து மெயில் வந்தது. இரண்டாம் மாடி துடைக்கும் சின்னப்பொண்ணுவுக்கு நாலு மாதத்தில் பதினேழு முறை காய்ச்சல், உடம்பு வேலைக்கு லாயக்கில்லை, மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம், அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கூப்பிட்டுச் சொன்னார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“ஜுரமா? எனக்கா? எனக்கு ஜுரமே வந்ததில்லியே அண்ணாத்த!”

“அப்போ எதுக்கும்மா லீவு போட்டே?”

“வூட்டுக்காரருக்கு கிட்னி ரெண்டும் பூடுச்சு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில செவ்வாயும் சனியும் ரத்தம் சுத்தம் பண்றாங்க. திருவிடந்தைலருந்து கூட்டிகினு போகணும், வேற ஆள் கெடையாது. சனி இங்க லீவு. செவ்வாய்க்குத்தான் உங்களாண்ட வந்து நிக்கிறேன்.”

“இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“நீங்க எங்க கேட்டீங்க? தேதி இன்னான்னு கேட்டீங்க. சொன்னேன்.” அவள் துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள். “இந்த வேலையும் பூட்டா நாங்க இன்னா பண்றது?”

பழைய மெயில்களைத் திறந்து பார்த்தார். பதினேழும் செவ்வாய்க்கிழமை. காய்ச்சலுக்குக் கிழமை தெரியுமா? ஒரு பச்சைப்பிள்ளை பார்த்திருந்தால்கூடக் கேட்டிருக்கும். பரணிதரனுக்கு வெட்கமாக இருந்தது.

ஜெஸ்ஸிக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். விரல்கள் பழக்கதோஷத்தில் ‘சஃபரிங்’ என்று அடித்தன. அழித்தார். சொல்லவேண்டிய விஷயத்துக்கு ஒரு ஜோடியும் கைவசம் இல்லை. கடைசியில் மூணாங்கிளாஸ் பையன் மாதிரி துண்டு துண்டாக எழுதினார். இவளுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. கணவருக்கு டயாலிசிஸ். என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. காய்ச்சல் என்று நானே எழுதினேன்.

ஐந்து நிமிஷத்தில் ஜெஸ்ஸி போனில் வந்தாள்.

“சார், இதை ஃபைல்ல வெச்சா அவங்க வேலை போகாது. ஆனா பொய்க் காரணம் எழுதினதா உங்களுக்கு மெமோ வரும். பரவாயில்லையா?”

“வரட்டும் மேடம்.” அவருக்கு வாதாடத் தெம்பு இல்லை. வாதாட நியாயமும் இல்லை.

சின்னப்பொண்ணுவுக்குச் செவ்வாய்க்குப் பதில் ஞாயிறு வேலை என்று மாற்றிக் கொடுத்தார்கள். பரணிதரனுக்கு மெமோ வந்தது. ‘சீரியஸ் மிஸ்கண்டக்ட்’ என்று அதிலும் ஒரு ஜோடி இருந்தது. மடித்து டிராயரில் போட்டார்.

மறுநாள் செக்யூரிட்டி குமார் வந்து மேஜைமேல் சாய்ந்தான்.

“அண்ணாத்த, நாளைக்கு லீவு. அதே ஃபீவரைப் போட்டு வுட்டுடு.”

பரணிதரன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதுகு வலித்தது.

“எதுக்குப்பா லீவு?”

குமார் சிரித்தான். “இன்னா அண்ணாத்த, ஏழு வருஷமா இல்லாத கேள்வி?”

அவர் பழைய மெயிலை எடுக்காமல் புதிதாக ஒன்றைத் திறந்தார். குமாரின் சிரிப்பு மெல்ல நின்றது. பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.