முடியும் + ஆ

மலைப்பகுதிக் கிளர்ச்சியாளர்களுடனான போர் பதினாறாம் ஆண்டை எட்டியபோது, அதில் வெல்ல முடியுமா என்று மன்றத்தில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. முதல் நாள் மாலை பாதுகாப்பு அமைச்சர் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்தவள், வேலையில் சேர்ந்து பதினோரு மாதமே ஆனவள். இன்னும் ஒரு மாதம் கழிந்தால் பணி நிரந்தரம்.

மறுநாள் காலை அச்சாகி வந்த அவைக்குறிப்பில் அமைச்சரின் கடைசி வாக்கியம் இப்படி இருந்தது: ‘இந்தப் போரில் நம்மால் வெல்ல முடியுமா?’

அமைச்சர் பதிவுப் பிரிவுக்கே வந்துவிட்டார். தாம் சொன்னது ‘முடியும்’ என்றும், எழுதியவளை அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் பிரிவுத் தலைவரிடம் சொன்னார். பிறர் விட்ட ஒற்றெழுத்துகளைப் போட்டுப் போட்டே தலை நரைத்த அந்தத் தலைவருக்கு அலுவலகத்தில் ‘ஒற்று’ என்று பெயர். அவர் அவளை அழைத்து விசாரித்தார். காதில் விழுந்ததைத்தான் எழுதியதாக அவள் சொன்னாள். திரும்பத் திரும்பக் கேட்டும் சொன்னது மாறவில்லை.

ஒலிப்பதிவைப் போட்டார்கள். “வெல்ல முடியும்” என்றது அமைச்சரின் குரல். அதைத் தொட்டுக்கொண்டே நீண்டதோர் ‘ஆ’.

“இருக்கே ஐயா,” என்றாள் அவள்.

“அது கேள்வி இல்லம்மா, கொட்டாவி,” என்றார் அமைச்சர்.

ஒற்று மூன்று முறை கேட்டார். மெய்யின்மேல் உயிர் ஏறினால் ‘மா’தான் வரும், அந்த உயிர் எதற்காக வாயைவிட்டுப் புறப்பட்டது என்று இலக்கணம் கேட்பதில்லை என்றார். ஆயினும் அமைச்சர் எழுதிக் கொடுத்தால் திருத்திவிடலாம். திருத்தத்தின் காரணம் அடிக்குறிப்பாக அச்சாகும்.

“என்னன்னு அச்சாகும்?”

“கொட்டாவின்னுதாங்க. போரைப் பத்திப் பேசும்போது விட்டதுன்னு.”

அமைச்சர் உட்கார்ந்தார். மலையில் நாற்பதாயிரம் வீரர்கள் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் செய்தித்தாள் படிப்பவர்கள். கேள்வி கேட்ட அமைச்சராவதா, கொட்டாவி விட்ட அமைச்சராவதா என்று அவர் கணக்குப் போட்டார்.

“கேள்வியாவே இருக்கட்டும்,” என்றார் கடைசியில். “பதினாறு வருஷத்துல ஒருத்தராவது கேட்டிருக்கணும். அது நானாவே இருந்துட்டுப் போறேன்.” பிறகு அவளைப் பார்த்தார். “உனக்கு நல்ல காதும்மா. இங்கயே இரு.”

பிற்பகலில், தம் கேள்விக்கு விடை காண ஒரு பேச்சுவார்த்தைக் குழுவை அவர் அறிவித்தார். ‘முடியாது’ என்று முழங்க நாற்பது பக்கம் எழுதி வந்திருந்த எதிர்க்கட்சித் தலைவர், மறுக்க எதுவும் கிடைக்காமல் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, குழுவில் தமக்கோர் இடம் கேட்டார். உறுப்பினர்கள் சிரித்தார்கள். அவள் ‘சிரிப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் குறித்தாள். அதில் தன்னுடையதும் சேர்ந்திருந்தது. சுருக்கெழுத்து எடுப்பவரின் சிரிப்பைக் குறிப்பில் சேர்க்க விதி இல்லை.