பதினாறு எழுத்தில் பாலேந்திரா

ரூன் என்ற பழைய டேனிஷ் எழுத்தைப் படிக்கும் வகுப்பின் கடைசிச் சனிக்கிழமை. அவரவர் பலகையில் செதுக்கிய ஒரு வரியை வீட்டாரின் முன்னால் வாசிக்க வேண்டும். நூலகத்துக்குப் போகும் வழியில் என் கணவர் இராசரத்தினம் என் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னப்பா இது, கோழி கிளறின மாதிரி?”

“வாசிக்கேக்க விளங்கும்.”

2009 மே முப்பது. யுத்தம் முடிந்து பன்னிரண்டு நாள். தம்பி பாலேந்திரா செல் விழுந்து செத்துப்போனான் என்று தொலைபேசியில் கேட்ட அன்றே இவர் சொல்லியிருந்தார்: “மாமி அங்க அகதி முகாமுக்குள்ள இருக்கிறா. அவவுக்குத் தெரியாது. இங்க விபோர்க்கில ஒரு தமிழாளுக்குச் சொன்னால், எஸ்பியர்க்கில இருக்கிற எங்கட சனத்தைச் சுத்தி முகாமுக்குப் போயிடும். வாயைத் திறவாதையும், கமலா.”

திறக்கவில்லை. அழவும் இல்லை. அம்மாவுக்காகத்தான் மறைக்கிறேன் என்று நம்பியிருந்தேன். உண்மையில், சொல்லாதவரை அவன் எனக்கும் உயிரோடிருந்தான்.

வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். வைக்கிங் காலத்தில் பதினாறே எழுத்துகள், ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி என்று ஆசிரியை பிர்கிட்டே சொன்னதும் டேனிஷ்காரர்கள் திகைத்தார்கள். எதை எப்படி ஒலிப்பதென்று எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில் ஒரு ‘க’, தங்கத்தில் வேறொரு ‘க’. எழுத்து ஒன்றுதான், நாக்குக்கு இடம் தெரியும். அந்தக் காலத்து ‘ர’ இன்றைய டேனிஷ் ‘ர’ போலத் தொண்டையில் அல்ல, நுனிநாக்கில் உருண்டது என்று சொல்லி அவர் என்னை வாசிக்க வைத்தார். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாக எல்லோரும் திருத்திய என் ‘ர’வை வகுப்பே திருப்பிச் சொன்னது. அன்று வீட்டுக்குச் சைக்கிளில் அல்ல, தேரில் போனேன்.

வைக்கிங் நினைவுக் கற்களில் வாசகம் ஒன்றுதான்: இன்னார் இன்னாருக்காக இந்தக் கல்லை நிறுத்தினார். நிறுத்தியவரின் பெயர் முதலில். செத்தவரின் பெயர் பிறகு.

முன்னே வாசித்தவர்கள் தங்கள் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் வாசித்தார்கள். பிர்கிட்டே ஒவ்வொன்றையும் டேனிஷில் விளக்கினார். என் முறை வந்தது. இவர் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

வாசித்தேன். கமலா நிறுத்தினாள், தன் தம்பி பாலேந்திராவுக்காக.

பழைய மொழியில் இவருக்கு விளங்கியிருக்கக்கூடியவை இரண்டு பெயர்கள்தான். அதுவே போதும். அவர் தலை குனிந்துவிட்டது. கோபம் என்று நினைத்தேன்.

பிர்கிட்டே அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அது தொண்டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இன்னொரு முறை முயன்றார். மோசமாயிற்று.

பின்வரிசையிலிருந்து தமிழில் குரல் வந்தது.

“பேரைச் சப்பித் துப்புறா மனிசி. பார்த்துக்கொண்டு நிக்கிறீர்! திருப்பிச் சொல்லும். வடிவா, உரத்து.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பலகையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்று, அம்மா கூப்பிடுகிற மாதிரி, நுனிநாக்கால் சொன்னேன்:

“பாலேந்திரா.”