சமையலறைக்கு வந்த கேள்வி

1949 கோடையில் அட்லாண்டாவின் பெரிய ஓட்டலொன்றில் விஞ்ஞானிகள் மாநாடு. அறிவுக்கு நிறம் கிடையாது என்று தலைவர் வரவேற்புரையில் முழங்கியதை டாக்டர் ஆர்டெலியா பிங்கம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கறுப்பர்களுக்கு முன்வாசல் கிடையாது என்பது ஓட்டலின் விதி. அறிஞர்கள் விதிகளை மதிப்பவர்கள்.

தடுப்பு மருந்தை உலர்த்தி, பனிக்கட்டி இல்லாமலே கெடாமல் வைக்க அவள் வழி கண்டிருந்தாள். முறை வந்ததும் உள்ளே போய்க் கட்டுரையை வாசித்தாள். வாசித்தவரைக் கேள்வி கேட்பது அந்தச் சபையின் வழக்கம். காலையில் உளறிக் கொட்டியவரைக்கூட நாலு கேள்வி கேட்டு கௌரவித்திருந்தார்கள். ஆய்வுக்கூட மூலையில் பேச்சுத்துணையின்றி வருஷங்களைக் கழித்தவளுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்.

"நேரமாச்சு, சாப்பிடப் போலாம்," என்றார் தலைவர்.

சமையலறையில் பரிமாறுகிற மோசெல் ஆர்டெலியாவுக்கென்று ஒரு மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, விருந்தாளிகளின் வெள்ளிக் கரண்டியையே வைத்து, சூப்பும் ஊற்றியிருந்தாள்.

"நீயும் உக்காரேன், மோசெல்."

"நான் உக்காந்தா உள்ள மேதைங்க பட்டினி, டாக்டரம்மா. அவங்க மூளையே சூப்புலதான் ஓடுது!" வெண்டைக்காய் சூப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மற்ற வேலையாட்களும் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். மரியாதை எதிரில் உட்கார்ந்து சாப்பிடாது.

கதவு மெல்லத் திறந்தது. கழுத்தில் செருகிய கைத்துண்டோடு பேராசிரியர் விட்கோம்ப்.

"ஆர்டெலியா, உலர்த்தறப்ப மருந்து வீரியம் போகாம எப்படிப் பாத்துக்கிட்ட?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி! பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இதை அங்கயே கேட்டிருக்கலாமே, சார்?"

"அங்கயா? எல்லாரும் பாப்பாங்களே!"

அவர் நழுவினார். அவளும் எழுந்து பின்னாலேயே போனாள். விருந்துக்கூடத்தில் கரண்டிகள் நின்றன.

"பேராசிரியர் விட்கோம்ப் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். சபையிலேயே பதில் சொல்றேன்."

"நானா?" அவர் முகம் சிவந்தது. "உப்பு கேக்கத்தான் போனேன்."

"உப்பு இல்லீங்க, சர்க்கரை," என்றாள். எந்தச் சர்க்கரை, எவ்வளவு, எப்போது சேர்ப்பது என்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேனாக்கள் மட்டும் திறந்தன. எழுதத் தாளில்லாதவர்கள் சட்டைக் கையில் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது மோசெல் அடுத்த சட்டியோடு வாசலில் நின்றாள்.

"அப்புறம் ஏதாச்சும் கேட்டாங்களா, டாக்டரம்மா?"

"இல்ல."

"சூப் ஆறிப்போச்சு. சூடு பண்ணட்டா?"

உள்ளே மணியடித்தது. மோசெல் ஓடினாள். ஆர்டெலியா ஆறிய சூப்பை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.